வசதி வெளியே தெரியக் கூடாது

மாசானமுத்துவுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாற்றாமல் சொல்ல வேண்டும். வரிசையை மாற்றுகிறவன் முதலாளியின் ஆள்.

முதல் அநீதி, கருவேலம்பேட்டை லாரி ஷெட்டில் ஆயுள் முழுக்க மூட்டை சுமந்து அவர் முதுகு வளைந்தபோது, ஷெட் முதலாளிகள் அதற்கு 'வயசு' என்று பெயர் வைத்தது. இரண்டாவது, அவர் கட்டி வளர்த்த சுமை தூக்குவோர் சங்கத்தை உடைத்துக்கொண்டு, அவரிடமே கோஷம் போடக் கற்ற தங்கப்பழம் தனிச் சங்கம் கண்டது. மூன்றாவது, அந்தத் தங்கப்பழம் கார் வாங்கியது. நான்காவது, அந்தக் காரில் சாய்ந்து உட்கார்ந்தபடி தங்கப்பழம் அவருக்குக் கை காட்டியது. இது மூன்றாவதோடு சேராது, தனி. ஐந்தாவது, கூலி உயர்வு மனு விசாரணைக்கு வந்த இரண்டு தடவையும் டவுன் பஸ் அவரை ஏற்றாமல் போனது.

ஆறாவது அநீதியைச் செய்தவர்கள் சொந்தத் தோழர்கள். அவர்கள் மாலை போட்டு, கை தட்டி, அவருக்கு ஓர் எலெக்ட்ரிக் பைக்கைப் பரிசளித்தார்கள்.

பைக்கில் ஒரு குறையும் இல்லை, அதில் உட்கார வேண்டியிருந்தது என்பதைத் தவிர. சீட்டு செங்கல் மாதிரி இருந்தது. ரோட்டில் கிடந்த ஒவ்வொரு ஜல்லியையும் அது அவருடைய இடுப்புக்குத் தனித்தனியாக அறிமுகம் செய்து வைத்தது. தெரு முனை வரை போய்த் திரும்பிய அன்று அவரை மூன்று பேர் சேர்ந்து இறக்கினார்கள்.

வருகிற திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மூன்றாவது விசாரணை. தொழிலாளர் அலுவலகத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது மாசானமுத்து நேரில் நிற்காவிட்டால் மனு தள்ளுபடி. பழைய கூலியே போதும் என்று கையெழுத்துப் போட, தங்கப்பழம் தேய்த்த சட்டையோடு நேரத்துக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருப்பான். இரண்டு தடவையும் நின்றான்.

ஆகவே பைக்கை வசதியாக்க வேண்டும். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. 'குஷன் தேடுகிறவன் கூலி கேட்க மாட்டான்' என்று தங்கப்பழத்தின் காரைப் பற்றி மேடை தவறாமல் பேசியவர் மாசானமுத்து. அவரே குஷனில் போய் இறங்கினால் மறுநாள் எதிர்ச் சங்கத்து நோட்டீஸில் அதுதான் தலைப்பு.

மெக்கானிக் சேவியர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தான். "சீட்டுக்கு ஒரு குஷன் போடுங்க. டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்குங்க. முதுகுக்குப் பின்னால ஒரு தாங்கு வேணும். ஒயர் எதுவும் வெளிய தொங்கக் கூடாது, பாக்க அசிங்கமா இருக்கும். அவ்வளவுதான்."

மாசானமுத்து தோழர்களைக் கூட்டினார். முக்கியமானவர்கள் மூன்று பேர். எதையும் வாதாடாமல் செய்யாத ஐயம்பெருமாள், மூட்டை தைப்பதிலும் மூட்டைமேல் மார்க்கு எழுதுவதிலும் கெட்டிக்காரரான பூலுடையார், எந்த வேலைக்கும் முதலில் கை தூக்கும் சுடலைக்கண்ணு.

"வசதி இருக்கணும். வசதி வெளிய தெரியக் கூடாது. புரிஞ்சுதா?" என்றார் தலைவர்.

புரிந்தது என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

மறுநாள் மாசானமுத்து வண்டியில் உட்கார்ந்தார். அதே செங்கல்.

"குஷன் எங்கலே?"

"போட்டாச்சு அண்ணாச்சி. நல்ல இலவம்பஞ்சு."

"எங்க போட்டிய?"

ஐயம்பெருமாள் சீட்டைத் தூக்கிக் காட்டினார். சீட்டுக்கு அடியில் இருந்த பெட்டிக்குள் குஷன் சமர்த்தாகப் படுத்திருந்தது. "வெளிய தெரியுதா பாருங்க" என்று வேறு கேட்டார். தெரியவில்லை என்பதை மாசானமுத்து ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அடுத்தது காற்று. ஐயம்பெருமாள் முன் டயரில் கொஞ்சம் இறக்கினார். பூலுடையார் பின் டயரை அமுக்கிப் பார்த்தார்.

"இதுல காத்து கூடுதலா இருக்கு வே."

"அதெப்படி? முன்சக்கரத்துக்கு ஒரு நீதி, பின்சக்கரத்துக்கு ஒரு நீதியா? இதை எதுத்துத்தானே நாம ஜெயிலுக்குப் போனோம்?"

பின் டயரில் இறக்கினார்கள். இப்போது முன் டயரில் அதிகம். முன் டயரில் இறக்கினார்கள். பின் டயரில் அதிகம். விவாதம் சாயங்காலம்வரை போய், இரண்டு டயரிலும் ஒரு பொட்டுக் காற்றில்லாமல் ஆன பிறகுதான் சமத்துவம் வந்தது.

"இப்ப குலுங்குதா அண்ணாச்சி?"

"வண்டி நகரவே இல்லையேலே!"

"அப்ப குலுங்கலை" என்று ஐயம்பெருமாள் மற்றவர்களிடம் அறிவித்தார்.

சமத்துவம் என்பது மாசானமுத்து சொல்லிக்கொடுத்த சொல். அதைத் திட்ட அவருக்கு வாய் வரவில்லை. பம்பைக் கொண்டுவந்து தன் கையாலேயே காற்றடித்தார். அதில் முதுகு இன்னொரு தடவை பிடித்துக்கொண்டது.

முதுகு தாங்கி விஷயத்தில் செலவே வைக்கவில்லை. சுடலைக்கண்ணு கை தூக்கினார். "நான் இருக்கேம்லா அண்ணாச்சி? பின்னால உக்காந்துக்கிடுதேன். சாஞ்சுக்கோங்க." அவருடைய மார்பு அகலம், நெல்மூட்டை சாய்ந்த மார்பு. சீட்டின் மேல் பஞ்சுப்பொதி போட்டு, பின்னால் சுடலைக்கண்ணுவை வைத்து, தலைவர் சாய்ந்து பார்த்தார். சுகமாகத்தான் இருந்தது.

"அண்ணாச்சி, நம்ம கோரிக்கையில ஒரு சந்தேகம்..." என்று காதுக்குப் பக்கத்தில் ஆரம்பித்தார் சுடலைக்கண்ணு.

"முதுகு தாங்கி பேசக் கூடாதுலே."

"சரி அண்ணாச்சி."

அந்தக் கோலத்தில் மாசானமுத்து டீக்கடைவரை ஓட்டிப்போனார். அதுதான் தப்பு. டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, "என்ன அண்ணாச்சி, யார் வீட்டுக்குச் சீர் போகுது? மெத்தையோட மாப்பிள்ளையையும் ஏத்திட்டேளே!" என்றார். பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அதில் தங்கப்பழத்தின் மச்சினனும் ஒருவன்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது தலைவரின் மீசை துடித்துக்கொண்டிருந்தது.

"மெத்தை தெரியக் கூடாது! முதுகு தாங்கி தெரியக் கூடாது! ஒயர் தெரியக் கூடாது! பாத்தா கச்சிதமா இருக்கணும், கச்சிதமா!"

சுமை தூக்குகிறவனுக்குக் கச்சிதம் என்றால் ஒன்றுதான். நாலு பக்கமும் சாக்கை இழுத்து, கோணி ஊசியால் நெருக்கித் தைத்து, மூலையில் காது விட்டு, மேலே மார்க்கு எழுதிய பேல். அதைவிட அழகான பொருளை அந்த மூன்று பேரும் பார்த்ததில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாய் திறந்து பேசத் தேவையே இருக்கவில்லை.

திங்கட்கிழமை வந்தது. மாசானமுத்து சலவை வேட்டி கட்டி, காலையிலேயே ஷெட்டுக்கு வந்து வண்டியில் ஏறினார். ஸ்டாண்டு போட்டபடி நின்ற வண்டியில், புறப்படுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் சாய்ந்து பார்த்தார். கீழே பஞ்சு, பின்னால் சுடலைக்கண்ணு, எல்லாவற்றையும் மறைக்கப் பக்கத்தில் சாக்கு. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு முதன்முதலாக அவர் முதுகு வாயை மூடிக்கொண்டது. தலைவர் தூங்கிவிட்டார்.

ஐயம்பெருமாள் சுற்றி வந்து பார்த்தார். அவர் முகம் மாறியது.

"பூலு, அண்ணாச்சி தூங்குதாரு."

"பாவம், தூங்கட்டும்."

"தூங்குறது வசதியா, இல்லையா?"

பூலுடையார் யோசித்தார். "வசதிதான்."

"வெளிய தெரியுதா, இல்லையா?"

"நல்லாத் தெரியுது. வாயைத் தொறந்துட்டுல்லா தூங்குதாரு."

"தீர்மானம் என்ன?"

"எழுப்பிட்டா?"

"எழுப்பினா வசதி போச்சே! வசதியும் இருக்கணும், தெரியவும் கூடாது. ரெண்டும் சேந்துதான் தீர்மானம்."

பூலுடையார் கோணி ஊசியில் சணலைக் கோத்தார்.

மாசானமுத்து கண் விழித்தபோது இருட்டாக இருந்தது. சாக்கு வாடை மூக்கில் ஏறியது. உலகம் ஆடிக்கொண்டிருந்தது. லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டது. அது எந்த லாரி, எந்த ரோடு என்றுகூட அவருக்குச் சத்தத்திலேயே தெரிந்தது. முதுகுக்குப் பின்னால் ஏதோ மூச்சு விட்டது.

"யாருலே அது?"

மூச்சு நின்றது.

"ஏலே, யாரு?"

"முதுகு தாங்கி, அண்ணாச்சி. பேசக் கூடாதுன்னீங்க."

மாசானமுத்து கத்தினார். அடிவயிற்றிலிருந்து கத்தினார். வெளியிலிருந்து ஐயம்பெருமாளின் குரல், மரியாதை குறையாமல் வந்தது. "முழிச்சுட்டீங்களா அண்ணாச்சி? வசதியா இருக்கா?"

"பிரிலே! தையலைப் பிரி!"

"அதெப்படி அண்ணாச்சி முடியும்? பேல்ல பெறுநர்னு போட்டிருக்கிற ஆளு பேரை ரெண்டு சாட்சிக்கு முன்னால உரக்க வாசிச்சு, அந்த ஆளு கையெழுத்துப் போட்ட பொறவுதானே தையலைப் பிரிக்கணும்? இல்லைன்னா சுமை தூக்குறவன் மேல திருட்டுப் பழி வரும்லா?"

 அந்த விதியைக் கொண்டுவந்தவர் மாசானமுத்துதான். அதற்காக நாற்பது பேர் ஷெட் வாசலில் படுத்துக் கிடந்தார்கள். அதில் அடிபட்டு அவர் தலையில் தையல் விழுந்தது. வாழ்நாளில் அவர் முழுசாக ஜெயித்த ஒரே போராட்டம் அது. இப்போது அதற்குள் உட்கார்ந்திருந்தார். அதை அவரே மீறினால் நாளை எந்த முதலாளி அதை மதிப்பான்?

"எத்தனை மணிலே?" என்றார் கடைசியில்.

"பத்தரை. நேரத்துக்குப் போயிருவோம், அண்ணாச்சி."

அதுவரைக்கும் சரிதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். எப்படிப் போனால் என்ன, பெயர் சொல்லிக் கூப்பிடும்போது அங்கே இருக்க வேண்டும். சாக்கைப் பிரிக்கிற வேலையை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். முதுகு வலிக்கவே இல்லை என்பதும் உண்மை.

லாரி நின்றது. "ஏலேலோ" போட்டுத் தோழர்கள் பேலை இறக்கினார்கள். 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதிய பக்கம் எது என்பதில் கொஞ்ச நேரம் கருத்து வேறுபாடு நிலவியது. அந்தக் கொஞ்ச நேரமும் தலைவர் பக்கவாட்டில் கிடந்து கத்தினார். பிறகு நிமிர்த்தி உள்ளே தூக்கிப்போய் வைத்தார்கள். மின்விசிறிச் சத்தம். பேனா தட்டும் சத்தம். அப்புறம், பெஞ்சுப் பக்கமிருந்து அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு செருமல். தங்கப்பழம்.

"மாசானமுத்து!" என்று பியூன் கூப்பிட்டார்.

"ஆஜர்!" என்று சொல்லத்தான் நினைத்தார். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது. தடவிப் பார்த்ததில் சாவி வண்டியிலேயே இருந்தது. திருப்பி, ஹாரனை அமுக்கினார்.

பேல் 'பீப்' என்றது.

பேனா தட்டும் சத்தம் நின்றது.

"என்ன அது?" என்றார் அலுவலர்.

"எங்க தலைவர் ஐயா. ஆஜர்னு சொல்லுதாரு" என்றார் ஐயம்பெருமாள்.

"ஏம்மா, இதுல ஆள் இருக்கா?" என்று மனு கொடுக்க வந்திருந்த ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள். தங்கப்பழம் சிரிக்கிற சத்தம் உள்ளேவரை கேட்டது. மாசானமுத்து மறுபடியும், கோபமாக, ஹாரன் அடித்தார்.

"ஆளை நேர்ல பாக்காம நான் ஆஜர் போட முடியாது" என்றார் அலுவலர். "இன்னும் அஞ்சு நிமிஷம் தாரேன். பிரிங்க."

"பெறுநர் கையெழுத்துப் போட்டா உடனே பிரிச்சிரலாம் ஐயா."

"யாரு பெறுநர்?"

ஐயம்பெருமாள் செருமிக்கொண்டார். மேடையில் தீர்மானம் முன்மொழியும் குரல் வந்தது. "அதைப் பத்தி நாங்க ரொம்ப விவாதிச்சோம் ஐயா. சரக்கு வந்து இறங்கும்போது பெறுநர் அங்க இருக்கணும். இல்லைன்னா சரக்கு திரும்பிரும். அண்ணாச்சி பேரைப் போடலாம்னா, அவரு சரக்கோட சரக்கா உள்ள இருக்காரு. ஐயா பேரைப் போடலாம்னா, ஐயா மீட்டிங்னு போயிட்டா என்ன செய்ய? பதினோரு மணிக்கு இந்த இடத்துல தவறாம வந்து நிக்கிற ஆளு ஒருத்தர்தான்னு எங்க அண்ணாச்சியே மேடைக்கு மேடை சொல்லியிருக்காரு."

உள்ளே, ஹாரன் மேல் இருந்த விரல் தானாக விலகியது.

"லே... வேண்டாம்லே..." என்றார் மாசானமுத்து. அது சுடலைக்கண்ணுவுக்கு மட்டும்தான் கேட்டது. அவர் பேசக் கூடாது.

"சாட்சி ரெண்டு பேர் வாங்க" என்றார் ஐயம்பெருமாள். பியூன் வந்தார். மனு கொடுக்க வந்த அம்மாளும் முந்தானையைச் சொருகிக்கொண்டு வந்து நின்றாள். பூலுடையார் பேலுக்கு முன்னால் நிமிர்ந்து நின்று, தன் கையால் எழுதியதை, விதிப்படி, உரக்க வாசித்தார்:

"அனுப்புநர், கருவேலம்பேட்டை சுமை தூக்குவோர் சங்கம். சரக்கு, பேட்டரி வண்டி ஒண்ணு, முதுகு தாங்கி ஒண்ணு, தலைவர் ஒண்ணு. கொக்கி போட்டு இழுக்கக் கூடாது. பெறுநர், திரு. இ. தங்கப்பழம் அவர்கள்."