கணப்புக்கு அடித்த வர்ணம்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் பொன்னம்பல அடிகளின் சிறிய ஆசிரமம் இருந்தது. ஒரு மார்கழியில் மயிலாத்தாள் அங்கே வந்தாள். அன்னூர்க்காரி. அடிகளைவிட வயதில் மூத்தவள். ஆனாலும் அவரையே குருவாக வரித்திருந்தாள்.

பக்கவாதத்தில் விழுந்த கணவரைப் பல வருஷமாகத் தூக்கி, துடைத்து, ஊட்டி வந்தவள் அவள். மகன் கோயமுத்தூரில் இருந்தான். கொழுந்தனார் அடுத்த வீதியில். யாரையும் அவள் ஒத்தாசைக்குக் கூப்பிட்டதில்லை. இப்போது கணவரை எண்ணெய் வைத்தியத்துக்கென்று ஒரு வாரம் வைத்தியசாலையில் சேர்த்திருந்தார்கள். அந்த இடைவெளியில்தான் மலையேறியிருந்தாள்.

"சாமி, இனி என்னால முடியலைங்க. திரும்பிப் போறதா, இங்கயே இருந்துக்கறதா? நீங்க சொல்றபடி கேக்கறனுங்க."

அடிகள் முற்றத்தைக் காட்டினார். அங்கே மூன்று கால் வைத்த பெரிய இரும்புச் சட்டி ஒன்று நின்றது. மாலையில் அதில் விறகு மூட்டி எல்லோரும் குளிர்காய்வார்கள். கணப்பு என்பார்கள் அதை. மழையில் கிடந்து துருவேறி, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தது.

"அதுக்கு வர்ணம் அடிக்கணும். செய்றீங்களாம்மா?"

இங்கேயும் வேலைதானா என்று இருந்தது அவளுக்கு. ஆனாலும் எழுந்தாள்.

சாம்பலை அள்ளிக் கொட்டினாள். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினாள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். தோள் விண்விண்ணென்று தெறித்தது. ஆசிரமத்தில் தங்கியிருந்த ஒருவர் அருகில் வந்து, "கால் மூணையும் நான் தேய்க்கட்டுங்களா?" என்றார்.

"வேண்டாங்க. நானே பாத்துக்கறேன்."

சற்றுத் தள்ளிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அடிகள் நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கீரையில் குனிந்தார்.

மறுநாள் சூடு தாங்கும் கறுப்பு பெயிண்ட்டை இரண்டு பூச்சு அடித்தாள். வெயிலில் காய்ந்ததும் சட்டி புதுசாகவே ஆகிவிட்டது. அன்று மாலை நெருப்பு மூட்டினார்கள். எல்லோரும் சட்டியைப் புகழ்ந்தார்கள்.

காலையில் வந்து பார்த்தாள். உள்பக்கமெல்லாம் வர்ணம் கொப்புளித்து உரிந்திருந்தது.

அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடிகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை தரம் அடிச்சாலும் இப்படித்தானுங்களா?"

"நெருப்பு எரியற இடமாச்சே. உரியத்தான் செய்யும்."

"அப்புறம்?"

"திரும்பச் சுரண்டணும். திரும்ப அடிக்கணும். விட்டா ஓட்டை விழுந்துடும்."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

"போன வருஷம் யாருங்க அடிச்சது?"

"நான்."

"அதுக்கு முன்னால?"

"என் குருநாதர். இதை வாங்கி வெச்ச நாள்லேருந்து அவர்தான்."

"அவருக்குச் சலிக்கவே இல்லீங்களா?"

"சலிச்சது. ஒருநாள் பாதி அடிச்சிட்டு இருக்கும்போதே 'முடியலப்பா'ன்னுட்டார்."

மயிலாத்தாள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அத்தனை பெரியவரு, வாயைத் தொறந்து அப்படிச் சொன்னாருங்களா?"

"சொன்னார்மா. சொன்ன பிறகுதான் அவர் கையிலேருந்து பிரஷ்ஷை நான் வாங்க முடிஞ்சது."