பஸ்ஸை இழுத்த பேட்டரி சைக்கிள்

கோத்தகிரியில் பொன்னுரங்கம் ஏறாத மேடும் கிடையாது, இறங்காத பள்ளமும் கிடையாது. எல்லாம் வாயால் ஏறி இறங்கியதுதான். ஒரு காலத்தில் சைக்கிளோடு மலைக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்குக் கூடாரம் சுமந்துபோயிருக்கிறார். அது மட்டும் உண்மை. கூடாரம் சுமந்தது கொஞ்ச நாளில் வழி காட்டியதாக மாறியது. வழி காட்டியது கூடவே சைக்கிள் ஓட்டியதாக மாறியது. இப்போது வெள்ளைக்காரர்களுக்குச் சைக்கிள் ஓட்டவே அவர்தான் கற்றுக்கொடுத்தார் என்ற அளவில் வந்து நிற்கிறது. இன்னும் கொஞ்ச காலம் விட்டால் சைக்கிளைக் கண்டுபிடித்தவரும் அவராகத்தான் இருப்பார்.

இப்படிப்பட்டவரிடம் போய் ஜெயசீலி யோசனை கேட்டாள் என்றால் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று அர்த்தம்.

ஜெயசீலிக்குப் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வர்க்கிக் கடை. சுட்ட மொறுமொறு வர்க்கி ரொட்டியைத் தகரப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, விடிகிற நேரத்தில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குக் கொண்டுபோவாள். தேயிலைக்கு நடுவே போகிற குறுக்குப் பாதை அது. மூச்சு வாங்க வைக்கிற ஏற்றம். போதாக்குறைக்கு நடுவில் இரண்டு இரும்பு கேட். டூரிஸ்ட்டுகள் மோட்டார் பைக்கில் நுழைந்துவிடக் கூடாது என்று பூட்டி வைத்திருப்பார்கள். சாவி வைத்திருக்கிற வாட்ச்மேன் நன்றாக வெயில் வந்த பிறகுதான் வருவார். ஆள் ஏறி இறங்க கேட்டுக்குப் பக்கத்தில் ஒடுக்கமாகக் கல்படி உண்டு. அந்தப் பக்கம் சைக்கிள் போக வேண்டுமென்றால் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

இத்தனை நாள் நடந்தே போய்க்கொண்டிருந்தாள். இப்போது மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு புது பேக்கரியின் வேன் வர ஆரம்பித்திருக்கிறது. இரண்டு லைன்காரர்கள் ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். கொழுந்து பறிக்கக் கிளம்புமுன் டீயோடு வர்க்கி கைக்கு வரவில்லையென்றால் மற்றவர்களும் சாய்வார்கள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அதனால்தான் மலையேறுகிற பேட்டரி சைக்கிள் வாங்குவது என்று துணிந்தாள். கோயமுத்தூர் கடைக்காரர்கள் இரண்டு வண்டியை ஜீப்பில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். ஒன்று லேசானது, சின்ன மோட்டார். இன்னொன்று முழு பலம் கொண்டது, பெரிய மோட்டார், பெரிய பேட்டரி. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்ப வேண்டும். எடுத்தால் எடுத்ததுதான், மாற்றித் தர மாட்டார்கள்.

காலையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். பெரிய வண்டி சர்ச் மேட்டில் அவளைக் குழந்தையைப் போல ஏற்றிக்கொண்டு போனது. மூச்சுகூட வாங்கவில்லை. அங்கேயே மனசு அதன் பக்கம் போய்விட்டது. இறங்கித் தூக்கிப் பார்த்தபோதுதான் வினை. முழங்கால் உயரத்துக்கு மேல் வரமாட்டேன் என்றது, இடுப்பில் சுளீரென்று பிடித்தது. சின்ன வண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கவே முடிந்தது, ஆனால் மேட்டில் அவளையும் சேர்த்து மிதிக்க வைத்தது. முழங்கால் வலித்தது. முழங்காலா இடுப்பா, எதைக் கொடுத்துப் பிழைப்பது?

ஜீப்போடு வந்த மெக்கானிக் கிரிதரனைக் கேட்டாள்.

"ரெண்டுமே நல்ல வண்டிதானுங்க்கா" என்றான்.

"அது தெரியுதுங்க தம்பி. எனக்கு எது?"

"உங்களுக்கு எது புடிச்சிருக்கோ அதுங்க்கா."

வேறு எதையும் அவனிடமிருந்து கறக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் பொன்னுரங்கம் வெற்றிலையை மென்றுகொண்டு கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கொழுந்து லாரி ஓட்டுகிற போஜன் ஏற்கெனவே அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான். பொன்னுரங்கத்தின் புளுகு என்றால் அவனுக்கு டீக்கு வர்க்கி மாதிரி, தொட்டுக்கொள்ள வேண்டும்.

"ஏனுங்ணா, இந்த ரெண்டு வண்டியும் ஓட்டியிருக்கீங்களா?" என்று ஜெயசீலி கேட்டாள்.

"ஓட்டியிருக்கீங்களான்னா கேக்கற? அம்மிணி, இது ரெண்டும் என்னைப் பாத்து எந்திரிச்சு நிக்காம இருக்கறதே எனக்கு வருத்தமா இருக்குது."

"ஸ்டாண்டு போட்டிருக்குதுங்ணா, நின்னுட்டுத்தான் இருக்குது" என்றான் போஜன்.

பொன்னுரங்கம் அவனைக் கண்டுகொள்ளவில்லை. லேசான வண்டியை விரலால் சுண்டினார்.

"இந்த வகையறா இருக்குது பாரு, ரொம்பக் கண்ணும் கருத்துமா வெச்சுக்கணும். சுவிட்சர்லாந்துக்காரன் ஒருத்தன் எங்கிட்ட குடுத்து ஓட்டிப் பாருன்னான். அது இதைவிட லேசு. எறக்கி வெச்சா வேலியில கயிறு போட்டுக் கட்டணும். ஒருநா கட்ட மறந்துட்டு வெத்தலை வாங்கப் போயிட்டேன். திரும்பி வந்தா வண்டியக் காணோம். அண்ணாந்து பாக்கறேன், சில்வர் ஓக் மரத்துக்கு மேல நிக்குது."

"பறந்துருச்சுங்களா?"

"பறக்கல போஜா. பறந்துச்சுன்னு சொன்னா அது பொய்யாப் போயிரும். மெதந்துச்சு."

"அப்புறம் எப்படிங்க எறக்குனீங்க?"

"நான் எங்க எறக்குனேன்? ஒரு குருவி வந்து ஹேண்டில்பார்ல உக்காந்துச்சு. அந்தப் பாரத்துக்கு அதுவா மெல்ல எறங்கி வந்துருச்சு."

போஜன் டீயை ஓரமாக வைத்துவிட்டுச் சிரித்தான். ஜெயசீலிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வந்த காரியம் வேறு.

"மேட்டுல எப்படிங்ணா ஏறும்?"

"அங்கதான் இருக்குது கோளாறு. இது கூட்டாளி மோட்டார். பாதி அது மிதிக்கும், பாதி நீ மிதிக்கணும். நீ நின்னா அதும் நின்னுக்கும்."

"அது நெசந்தானுங்க்கா" என்றான் கிரிதரன். பொன்னுரங்கத்தின் பேச்சில் அன்று அவன் தலையாட்டிய ஒரே இடம் அதுதான்.

தலையாட்டல் கிடைத்ததும் பொன்னுரங்கத்துக்கு றெக்கை முளைத்துவிட்டது. எழுந்து போய்ப் பெரிய வண்டியின் சீட்டில் கையை ஊன்றினார், மாப்பிள்ளைத் தோளில் மாமனார் கை போடுவது போல.

"எடுத்தா இதை எடு அம்மிணி. இதோட பலம் உனக்குத் தெரியாது. குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவுல கல்யாண பஸ்ஸு மக்கர் பண்ணி நின்னுபோச்சு. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, பொண்ணு உள்ள அழுவுது. நான் என்ன பண்ணேன், தாம்புக்கயிறு ஒண்ணு வாங்கி பஸ்ஸு முன்னால ஒரு முடிச்சு, என் சீட்டுக்கடியில ஒரு முடிச்சு. ஒரே அழுத்து. பஸ்ஸு ஆடி அசைஞ்சு கோத்தகிரி வந்து சேந்துச்சு. கண்டக்டர் இருக்கானே, பஸ்ஸுக்கு முன்னால வந்தியான்னு கேட்டு எனக்கும் ஒரு டிக்கெட்டைக் கிழிச்சுட்டான்."

"எந்தக் கல்யாணத்துக்குங்க?" போஜன் விடவில்லை. "ஆலை முதலாளி வீட்டுக் கல்யாணமா? அன்னிக்கு அந்த ரோட்டுல நாந்தான லாரி ஓட்டிட்டு வந்தேன். உங்களைக் கண்ணுலயே பாக்கலியே?"

"எப்படிப் பாப்ப? உன் லாரியும் அந்த பஸ்ஸுக்குப் பின்னால கட்டித்தான் இருந்துச்சு. நீ ஸ்டேரிங் மேல சாஞ்சு நல்லாத் தூங்கிட்டு இருந்த. எழுப்ப மனசு வரல."

போஜன் வாயைத் திறந்தான். திறந்த வாயை மூட டீயைத்தான் தேட வேண்டியிருந்தது. அன்றைக்கு உண்மையிலேயே தூங்கிவிட்டோமோ என்று ஒரு கணம் அவனுக்கே சந்தேகம் வந்ததாக முகம் சொன்னது.

பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் மேலே வர ஆரம்பித்தது. கிரிதரன் ஜீப்பைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான்.

"மூட்டம் சூழ்ந்துருச்சுன்னா வளைவு தெரியாதுங்க்கா. ஒண்ணை ஏத்திட்டுக் கெளம்பணும்."

"இரு தம்பி, முடிக்கலியே" என்றார் பொன்னுரங்கம். "பேட்டரியைப் பத்திச் சொல்ல வேண்டாமா? புயலடிச்சு ஊருக்கே கரண்டு இல்லாமப் போச்சே, ஞாபகம் இருக்குதா? அப்ப இந்த வண்டிதான் காப்பாத்துச்சு. ஒரு ஒயரை எடுத்து எங்க தெருவுக்கு இழுத்தேன். தெரு முழுக்க மிக்சி ஓடுச்சு, கிரைண்டர் ஓடுச்சு. பொம்பளைங்க விட மாட்டேன்னுட்டாங்க. இன்னும் கொஞ்சம் அரைச்சுக்கறோம், இன்னும் கொஞ்சம் அரைச்சுக்கறோம்னு அரைச்ச மாவு, பக்கத்துத் தெருவுக்கு வழிஞ்சு ஓடி அங்க தோசையாவே ஊத்திக்கிட்டாங்க."

"அப்பக்கூட பேட்டரி எறங்கலீங்களா?"

"எறங்கறதா? நெறைஞ்சுருச்சு. அதுக்கு உக்காந்துட்டிருந்தாத்தான் பலம் கொறையும், வேலை செஞ்சா ஏறும்."

கிரிதரன் தலையைக் குனிந்துகொண்டான். விற்க வந்தவனே வெட்கப்படுகிற அளவுக்கு விளம்பரம் நடந்துகொண்டிருந்தது.

ஜெயசீலி மட்டும் இரண்டு வண்டியையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றாள். ஏமாளி இல்லை அவள். பொன்னுரங்கம் காதில் பூ சுற்றுகிறார் என்று தெரியாமலா நின்றாள்? ஆனாலும் சர்ச் மேட்டில் ஏறிய அந்தச் சுகம் உடம்பை விட்டுப் போகவில்லை. அவர் பெரிய வண்டியைப் புகழப் புகழ, பொய் என்று தெரிந்தே மனசு அதைக் குடித்துக்கொண்டிருந்தது. இதை எடுத்துத் தொலைத்தால் என்ன என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தப்பாக எடுத்துவிட்டால் கதை முடிந்தது என்ற பயம்தான் நாக்கைப் பிடித்து வைத்திருந்தது.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இனி ஒரே தள்ளில் காரியம் முடிந்துவிடும் என்று பொன்னுரங்கம் கணக்குப் போட்டார்.

"இதுல டர்போன்னு ஒரு பட்டன் இருக்குது, ஆனா அதை மட்டும் அமுத்தாத. நான் ஒருதடவை அமுத்திட்டேன். இங்கிருந்து மேட்டுப்பாளையம் போயி, மார்க்கெட்டுல பூண்டு வாங்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். வந்து பாத்தா இங்க பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் வண்டியில ஏறிட்டு இருக்கான். யாருடான்னு பாத்தா, நாந்தான். இன்னும் கெளம்பவே இல்லை."

"அப்புறம்?" என்றான் போஜன்.

"அப்புறம் என்ன, 'பூண்டு வாங்கியாச்சு, நீ போக வேண்டாம்'னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

பெஞ்சே குலுங்கியது. பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குகிறவரை ஜெயசீலி பொறுமையாக இருந்தாள். அவளுக்கு ஒன்று தட்டுப்பட்டிருந்தது. பஸ்ஸை இழுத்தார், தெருவுக்கு மாவரைத்தார், மேட்டுப்பாளையம் போனார். எல்லாம் வண்டி தரையில் இருந்தபடியே. இத்தனை கதையில் ஒரு தடவைகூட மனுஷன் அந்த வண்டியைத் தூக்கவே இல்லை.

"ஏனுங்ணா, எஸ்டேட் பக்கம் இந்தப் பெரிய வண்டியை ஓட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

"போகாமயா? தெனமும் விடியறதுக்கு முன்னால."

"கேட்டு பூட்டியிருக்குமே."

"பூட்டித்தான் இருக்கும்."

"அப்ப வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சது யாருங்க?"

முதல் முறையாகப் பொன்னுரங்கம் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினார். 'நான்தான்' என்று சொல்லியிருப்பார், அவர் சொல்லாத பொய்யா? ஆனால் அப்படிச் சொன்னால் அம்மிணி "எங்க, இப்பத் தூக்குங்க பாக்கலாம்" என்று கேட்டுவிடுவாள். வண்டி கண்ணெதிரே நிற்கிறது. போஜன் வேறு பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்துவிட்டான். வெற்றிலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார். அந்தச் சின்ன இடைவெளி அவருக்குப் போதும்.

"காட்டு மாடு" என்றார்.

"என்னது?"

"காட்டு மாடு அம்மிணி. நல்லாக் கொழுத்த கெடா மாடு. கேட்டுக்குப் பக்கத்துலயே எனக்காகக் காத்துட்டு நிக்கும். நான் போயி ஒரு சீழ்க்கை அடிச்சாப் போதும். ரெண்டு கொம்புலயும் வண்டியைப் பதனமாத் தூக்கி, ஒரு கீறல் விழாம அந்தப் பக்கம் எறக்கி வெக்கும். சக்கரம் நேரா இருக்குதான்னு ஒருதடவை பாத்துட்டுத்தான் போகும். அடுத்த கேட்டுக்கு அதோட தம்பி."

போஜன் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஜெயசீலி சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. நேராக ஜீப்பிடம் போனாள்.

"ஏனுங்க தம்பி, பெரிய வண்டி எடுத்தா கூட அந்த மாட்டையும் அனுப்பி வெப்பீங்களா?"

கிரிதரன் அன்று முழுக்க ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொல்லாதவன். இதற்கு மட்டும் யோசிக்கவே இல்லை.

"இல்லீங்க்கா. மாடு நாங்க குடுக்கறதில்லீங்க."

"அப்ப லேசானதை விட்டுட்டுப் போங்க. தூக்கப் போறது நாந்தானுங்க."