முள்ளம்பன்றியின் பின்சக்கரம்

கடலோரக் காட்டில் மாசாணம் என்றொரு கீரி இருந்தது. வயதான கீரி. மனதில் ஒன்றை வைத்துவிட்டால் அதை லேசில் இறக்காது.

அதே காட்டில் பேச்சி என்றொரு முள்ளம்பன்றியும் இருந்தது. பேச்சியைக் கண்டாலே மாசாணத்துக்கு ஆகாது.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வருடத்தில் ஒரு நாள் விலங்குகள் எல்லாம் சைக்கிளில் ஏறி, கழிமுகத்திலிருந்து கழுகுமுனை வரை போகும். சூரியன் எழும்போது கிளம்ப வேண்டும். அது கடலில் விழுவதற்குள் போய்ச் சேர வேண்டும். நடுவில் ஏழு மலைகள், ஒவ்வொன்றும் கடலை முட்டிக்கொண்டு நிற்கும். சுற்றுவழி கிடையாது. ஏறி இறங்கி, ஏறி இறங்கித்தான் போக வேண்டும்.

முனையில் ஒரு பாறை. நண்டுகள் களிமண் குழைத்து அதன் மேல் தட்டி வைத்திருக்கும். பொழுதுக்குள் வந்தவர்கள் அதில் கால் பதிக்கலாம். வெயிலில் காய்ந்து அந்தத் தடம் கல்லாகிவிடும். காட்டில் அதைவிடப் பெரிய பேர் எதுவும் இல்லை.

மாசாணத்தின் தடம் அங்கே இல்லை. ஐந்து வருடம் முயன்றும் இல்லை. இப்போதே முழங்கால் முனகத் தொடங்கிவிட்டது. இந்த வருடம் விட்டால் இனிமேல் கிடையாது என்று அதற்குத் தெரியும்.

ஏன் இல்லை என்று கேட்டால் பேச்சியைக் கைகாட்டும். போன வருடம் ஆறாவது மலையில், முன்னால் போன பேச்சியின் முதுகிலிருந்து ஒரு முள் உதிர்ந்தது. அது மாசாணத்தின் டயரில் ஏறியது. புஸ்!

பேச்சி சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடி வந்தது. "அண்ணாச்சி, மன்னிச்சிருங்க! இந்தா, ஒரு நிமிசத்துல ஒட்டித் தாரேன்!"

"நீ ஒட்டுன சைக்கிள்ல நான் ஏறவா? போ அந்தப் பக்கம்!" என்று மாசாணம் சீறியது. சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தது. முனைக்குப் போனபோது பொழுது சாய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

அன்றோடு பேச்சியிடம் மாசாணத்தின் பேச்சு நின்றது. அதுமட்டுமா? காட்டுக் கூட்டத்தில் சண்டை போட்டு ஒரு சட்டமும் வாங்கியது. "இனிமே பேச்சி எல்லாருக்கும் கடைசியாத்தான் வரணும்! நூறு அடி தள்ளி வரணும்!"

இந்த வருடமும் அந்த நாள் வந்தது. நீர்நாயும் மந்தியும் முயலும் கழிமுகத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தன.

"அண்ணாச்சி, வரிசையாப் போவோம்," என்றது நீர்நாய். "ஆளு மாத்தி ஆளு முன்னால நின்னு காத்தை வாங்கிக்கிடுவோம். பின்னால வாரவங்களுக்கு மிதிக்க லேசா இருக்கும்."

"யாரெல்லாம்?"

"நாங்க மூணு பேரு, நீங்க. நூறு அடி தள்ளிப் பேச்சி."

"அவ வார வரிசையில என் சக்கரம் உருளாது!"

"மத்தியானத்துக்கு மேல எதிர்காத்து அடிக்கும், அண்ணாச்சி! தனியாச் சமாளிக்க முடியாது!"

"காத்து எனக்கு மச்சான்! நான் போனா வழி விடும்!"

மாசாணம் ஒரே தாவாகத் தாவிச் சைக்கிளில் ஏறியது. திரும்பிப் பார்க்காமல் பறந்தது.

முதல் மலையை மூச்சு வாங்காமல் ஏறியது. இரண்டாவதை இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதித்தே கடந்தது. மூன்றாவதன் உச்சியில் கடல் முழுதும் கண்ணில் பட்டது. கீழே அலைகள் வெள்ளைவெள்ளையாய் உடைந்தன. பாதை தாழம்புதர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கியது. மாசாணம் பிரேக்கைத் தொடவே இல்லை. "பாத்தியா! நமக்கு எவன் துணை வேணும்?" என்று தன்னிடமே கேட்டுக்கொண்டது.

நான்காவது மலையில் காற்று வந்தது. லேசாக வரவில்லை. கடலிலிருந்து கையை நீட்டி நெஞ்சில் தள்ளுவது போல வந்தது. மிதித்தால் சக்கரம் அரைச்சுற்று சுற்றியது. மிதிக்காவிட்டால் பின்னால் உருண்டது.

ஐந்தாவது மலையில் அந்த மூவரும் வரிசையாகப் பின்னாலிருந்து வந்தார்கள். முன்னால் நீர்நாய், அதன் முதுகுக்குப் பின்னே மந்தி, மந்திக்குப் பின்னே முயல்.

"என்ன அண்ணாச்சி, மச்சான் வழி விடலையோ?" என்றது மந்தி.

முயல் சிரித்தே விட்டது. நீர்நாய் சிரிக்கவில்லை. "பின்னால ஒட்டிக்கிடுங்க, அண்ணாச்சி!"

"உங்க சோலியைப் பாத்துட்டுப் போங்கடா!"

அவர்கள் போனார்கள். மாசாணம் ஆறாவது மலையின் பாதி வரை முக்கி முக்கிப் போனது. அங்கே கால்கள் கழன்று விழுவது போலிருந்தது. சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒரு தாழம்புதருக்குள் போய் விழுந்தது. பேச்சி வந்தால் தன்னை இந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது!

பேச்சி வந்தது.

புதருக்குள்ளிருந்து மாசாணம் பார்த்தது. பார்க்க வேண்டாம் என்று நினைத்தும் கண்ணை எடுக்க முடியவில்லை. பேச்சியின் கால்கள் ஒரே தாளத்தில் சுற்றின. அவசரமும் இல்லை, ஓய்வும் இல்லை. செங்குத்தான இடம் வந்ததும் வெட்கப்படாமல் இறங்கி உருட்டியது. சரிவு குறைந்ததும் மறுபடி ஏறியது. தாகம் எடுக்கும் முன்பே இரண்டு மிடறு தண்ணீர் குடித்தது. காற்று அதை அசைத்ததே தவிர நிறுத்தவில்லை.

'ஓட்டினா இப்படி ஓட்டணும்!' என்று மாசாணத்தின் மனம் சொல்லிவிட்டது. சொன்ன மனதை அது திட்டிக்கொண்டது.

"அண்ணாச்சி, வால் வெளிய தெரியுது!" என்றது பேச்சி.

மாசாணம் வாலை இழுத்துக்கொண்டது. பிறகு வேறு வழியில்லாமல் வெளியே வந்தது. அருகில் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த வெயிலில் பேச்சி கழுத்திலிருந்து இடுப்பு வரை தடித்த சாக்கைச் சுற்றிக் கட்டியிருந்தது. வேர்வையில் சாக்கு நனைந்து கறுத்திருந்தது.

"இது என்ன கூத்து?"

"முள்ளு உதிர்ந்தா சாக்குக்குள்ளயே கெடக்கும். யாரு டயர்லயும் ஏறாது. ஒரு வருசமா இதோடதான் ஓட்டிப் பழகுறேன்."

மாசாணம் சாக்கிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொண்டது. "போன வருசம் நீ முனையில கால் பதிச்சிட்ட. உனக்கென்ன!" என்றது முறைப்பாக.

"பதிக்கலையே, அண்ணாச்சி."

"ஏன்? உன் சைக்கிளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"நீங்க உருட்டிக்கிட்டு நடந்தீங்க. ஆளில்லாத மலைப்பாதை. நான் உங்க கண்ணுல படாம பின்னாலயே நடந்து வந்தேன். அவ்வளவுதான்."

மாசாணம் தரையைப் பார்த்தது. வெகுநேரம் பார்க்க நேரமில்லை. சூரியன் சாய்ந்துகொண்டிருந்தது. சாய்த்துப் போட்ட சைக்கிளை நிமிர்த்தியது. சொல்ல வேண்டிய சின்னச் சொல் அதற்கு ஏழு மலையைவிடக் கனத்தது.

"பேச்சி... நீ முன்னால போ. நான் உன் பின்னால வாரேன்."

பேச்சி போனது. சாக்குக்குள் முட்கள் விடைத்து நின்றதால் அதன் முதுகு ஒரு சுவர் போல அகன்றிருந்தது. காற்று அந்தச் சுவரில் மோதி இரண்டாகப் பிரிந்தது. மாசாணம் அதன் பின்சக்கரத்தை ஒட்டியே மிதித்தது. கால் லேசானது! மூச்சு திரும்பி வந்தது!

இறக்கத்தில் பேச்சி கத்தியது. "பிரேக்கை ஒரேயடியாப் பிடிக்காதீங்க! சூடேறிரும்! விட்டு விட்டுப் பிடிங்க!"

"சரி தாயி!" என்றது மாசாணம். சொன்ன பிறகு அதற்கே வியப்பாக இருந்தது.

ஏழாவது மலையில் பேச்சியின் தாளம் தப்பியது. நாள் முழுக்கத் தனியாகவும், பிறகு மாசாணத்துக்காகவும் காற்றை வாங்கிய உடம்பு. சக்கரம் தள்ளாடியது. சூரியன் கடலுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"அண்ணாச்சி, நீங்க போயிருங்க! உங்களால முடியும்!"

உண்மைதான். மாசாணத்தால் முடியும். அது சூரியனைப் பார்த்தது. மலையுச்சியைப் பார்த்தது. ஐந்து வருட ஆசை அங்கே நின்றது. பிறகு மிதித்துப் பேச்சியைத் தாண்டியது. தாண்டியதும் வேகத்தைக் குறைத்தது.

"என் முதுகுக்குப் பின்னால வா! முதல்ல அந்தச் சாக்கை அவுத்துப் போடு, வெந்து சாகாத!"

"முள்ளு உதிருமே!"

"நீதான பின்னால வார? உதிர்ந்தா யாருக்கு என்ன?"

பேச்சி சிரித்துக்கொண்டே சாக்கை அவிழ்த்தது. காற்று பட்டதும் அதற்கு உயிர் வந்தது. கீரிக்குச் சின்ன உடம்புதான். ஆனாலும் தோளை விரித்துக்கொண்டு காற்றை முட்டியது. முழங்கால் அழுதது. "அழு! நாளைக்கு ஓய்வெடுக்கலாம்!" என்று அதனிடம் சொன்னது.

இரண்டும் உச்சியைத் தாண்டி முனையில் இறங்கியபோது, சூரியனின் அடி கடலைத் தொட்டுவிட்டது. நீர்நாயும் மந்தியும் முயலும் பாறையில் நின்று கத்தின. "வாங்க! வாங்க! ஓடியாங்க!"

காவல் நண்டு கொடுக்கை உயர்த்தியது. "முழுசா விழுந்தா முடிஞ்சது! ஒருத்தர் வைக்கத்தான் நேரமிருக்கு! யாரு?"

"நீங்க வைங்க, அண்ணாச்சி!" என்றது பேச்சி.

"சும்மா இரு!" என்றது மாசாணம். பேச்சியின் காலைப் பிடித்தது. தன் காலை அதன் பக்கத்தில் வைத்தது. இரண்டையும் ஒரே அழுத்தாகக் களிமண்ணில் அழுத்தியது.

சூரியன் போய்விட்டது. நண்டு குனிந்து பார்த்தது. ஒன்றோடொன்று ஒட்டியபடி இரண்டு தடங்கள், ஒன்று சின்னது, ஒன்று அகலமானது.

"ரெண்டும் செல்லும்!" என்றது நண்டு.

பகையைச் சுமந்துகொண்டு தனியே போகிறவர் எதிர்காற்றில் களைத்து விழுவார். தவறுக்கு வருந்தியவரை மன்னித்துச் சேர்த்துக்கொள்பவரே போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவார்.