அமைச்சரின் ஆமைப் படகு

செண்பகத்துறை மன்னர் சேந்தனாருக்கு நியாயவான் என்று பெயர் வாங்குவதில் அலாதி ஆசை. அதனால் ஆண்டுதோறும் நடக்கும் பாய்மரப் படகுப் பந்தயத்துக்கு ஒரு விதி வைத்திருந்தார். மெதுவான படகு முதலில் கிளம்பலாம். வேகமான படகு கரையில் காத்திருக்க வேண்டும். அடியில் ஓட்டை போட்ட வட்டிலைத் தொட்டித் தண்ணீரில் மிதக்க விடுவார்கள். அது எத்தனை முறை மூழ்கும்வரை எந்தப் படகு காத்திருப்பது என்று மதிப்பிடுகிறவர் அமைச்சர் தாண்டவராயர். அவரும் பந்தயத்தில் ஓடுகிறவர்தான். இதில் மன்னருக்கு ஒரு தப்பும் தெரியவில்லை, பாவம்.

வென்றவருக்கு ஆற்று முகத்துவாரத்தில் ஓராண்டு வலைவீசும் உரிமை. மூன்று ஆண்டுகளாக அது அமைச்சர் கையில். இந்த ஆண்டு பந்தயத்தன்று காலையில் மீனவன் சேதுமாயன் சபைக்கு வந்து அழாத குறையாக நின்றான்.

"சாமி, என் படகு ஒட்டுப்போட்டு ஓட்டுறது. அதுக்கு மூணு வட்டில் காத்திருக்கணுமாம். அமைச்சரய்யா புதுப்படகுக்கு ஒண்ணுமே இல்லையாம். இந்த வருசமும் முகத்துவாரம் போச்சுன்னா எங்க குப்பத்துல அடுப்பு எரியாது."

"போன ஆண்டு இவன் படகு பறந்ததை ஊரே பார்த்தது. என் படகோ ஆமை," என்றார் அமைச்சர்.

பறந்தது படகா, பாய் பிடித்த கையா என்று அரசவைப் புலவன் பிச்சாண்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் விதியைக் குறை சொன்ன முந்தைய புலவர் இப்போது யானைக் கொட்டிலில் சாணம் அள்ளுகிறார். பிச்சாண்டி குரலில் தேனைத் தடவிக்கொண்டான்.

"மகாராஜா, மதிப்பீட்டில் ஒரு குறையும் இல்லை." சேதுமாயன் முகம் சுருங்கியது. "ஆனால் என் மனம் தாங்கவில்லை. நாட்டின் அமைச்சர் ஆமையில் போகிறார், மீனவன் பறக்கிற படகில் போகிறான். சபைக்கு இது அழகா? இன்று ஒருநாள் இருவரும் படகை மாற்றிக்கொள்ளட்டும்."

"நல்ல யோசனை," என்றார் மன்னர்.

அமைச்சருக்கு வியர்த்தது. "வேண்டாம் மகாராஜா. அவன் படகு எனக்குப் பழக்கமில்லை."

"மூன்று வட்டில் நேரம் கரையில் சும்மாதானே இருப்பீர்கள்? அதற்குள் பழகிவிடும்," என்றான் பிச்சாண்டி.

மன்னர் தலையாட்டிவிட்டார். மதிப்பீடு படகுக்குத்தானே, ஆளுக்கு இல்லையே. சேதுமாயன் புதுப்படகில் முதலில் கிளம்பினான். அமைச்சர் வட்டிலை முறைத்துக்கொண்டு கரையில் நின்றார். மூன்றாவது முறை அது மூழ்கி, அவர் பாயை விரித்தபோது, சேதுமாயன் பந்தயத்தை முடித்துவிட்டு வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தான். பாதி வழியில் ஒட்டு விட்டுப்போய், அமைச்சர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார்.

"இந்த வட்டில் விதியே அநியாயம்," என்று கத்தினார். "அடுத்த ஆண்டு எல்லாப் படகும் ஒரே அளவு, ஒரே பாய் என்று அரண்மனைத் தச்சர்கள் செய்யட்டும். நானே மேற்பார்வை பார்க்கிறேன்."

மன்னருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. வயிறு குலுங்கச் சிரித்து, தன் மோதிரத்தைக் கழற்றிப் பிச்சாண்டிக்குப் போட்டார். "சரி, அப்படியே செய்வோம். உனக்கு ஏதும் மறுப்பு உண்டா?"

"எனக்கென்ன மறுப்பு, மகாராஜா? எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கப்போகிறது? மற்றவர்கள் எடுத்தபிறகு மிஞ்சும் படகை அமைச்சர் எடுத்துக்கொள்ளட்டும்."