மணலரசி கேட்டு வாங்கிய காவல்

பவழந்துறை என்று ஒரு கடலோரப் பட்டினம் இருந்தது. தெற்குக் கோடியில் துறைமுகம். அங்கே கப்பல்கள் வந்து நின்றன. வடக்கே ஒரு கடற்கரை. அங்கே மனிதர்கள் வந்து கூடினார்கள். அந்தக் கடற்கரையின் பெயர் மணலரசி.

மணலரசிக்குத் தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமை உண்டு. இருக்காதா பின்னே? கோடை விடுமுறை வந்துவிட்டால் எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக அவளைத் தேடி வந்தார்கள். பிள்ளைகள் அவள்மேல் வீடு கட்டி, கட்டியதைத் தாங்களே மிதித்துவிட்டுச் சிரித்தார்கள்.

ஒரு வருஷம் அவள் இளைக்கத் தொடங்கினாள். நடைபாதை விளக்குக் கம்பத்தின் அடிக்கட்டு வெளியே தெரிந்தது. பஜ்ஜிக் கடைகள் சாலையை நோக்கிப் பின்வாங்கின. மணலரசிக்குச் சுருக்கென்றது. யாரோ தன்னை அள்ளிக்கொண்டு போகிறார்கள்!

அன்றிலிருந்து அவளுக்கு யாரைப் பார்த்தாலும் திருடனாகத் தெரிந்தது. பிள்ளைகள் செருப்பை உதறாமல் போனால் முறைத்தாள். காற்று கொஞ்சம் பலமாக வீசினால், "எதைத் தூக்கிட்டுப் போறே?" என்று கேட்டாள். வளை தோண்டிய நண்டைக்கூட விடவில்லை.

"தோண்டுன மணலை எங்கே கொண்டுபோய் ஒளிச்சே?"

"வாசல்லயேதானே போட்டிருக்கேன், பாருங்கம்மா" என்றது நண்டு.

அவள் பார்த்தாள். மணல் அங்கேதான் இருந்தது. ஆனாலும் நம்பவில்லை.

துறைமுகத்தைக் காக்கக் கடலுக்குள் நீளமாக ஒரு கருங்கல் சுவர் கட்டியிருந்தார்கள். புதிதாக வந்ததென்றாலும் மரியாதை தெரிந்த சுவர். ஆடாமல் அசையாமல், இருந்த இடத்திலேயே இருக்கும். திருடுவதற்கு நகரவாவது வேண்டாமா? அதனால் அவள் சந்தேகப்படாத ஒரே ஆள் அதுதான். அதனிடமே முறையிட்டாள்.

"நான் யாரையும் குறை சொல்றவன் இல்லை, தங்கச்சி" என்றது சுவர். "ஆனா பொழுதுக்கும் உன்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டுப் போறது யாரு? அதை மட்டும் யோசி."

மணலரசி யோசித்தாள். கடல்! கூடவே பிறந்து வளர்ந்த கடல். ஒவ்வொரு அலையும் திரும்பும்போது அதன் நீர் கலங்கியிருப்பதை இப்போதுதான் கவனித்தாள். அடுத்த அலையிலேயே கடலை மறித்துக் கேட்டாள்.

"அக்கா, ஒளிக்காமச் சொல்லு. என்னை அள்ளிட்டுப் போறது நீதானே?"

கடல் தயங்கவில்லை. "அள்ளுறேன்தாண்டி. மழைக்காலத்துல நான் கொந்தளிக்கறப்போ என் கை சும்மா இருக்காது. ஆனா தெக்கத்திக் காற்று அடிக்கிறப்போ உனக்குத் திருப்பிக் கொண்டாந்து நிரப்பிடுவேனே, மறந்துட்டியா? இப்பவும் தெற்கேயிருந்து கொண்டுட்டுத்தான் வர்றேன். வழியிலேதான்..."

"அள்ளுறேன்னு உன் வாயாலேயே சொல்லிட்டே. போதும்!"

"முழுசாக் கேளுடி."

"கேட்டதே போதும்."

அவள் பட்டினத்திடம் போய் நின்றாள். "அப்பா, அக்கா என்னைத் தின்னுட்டு இருக்கா. என் பக்கமே அவ வரக்கூடாது."

பட்டினத்துக்குக் கப்பல்களின் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது. "கடலைத் தடுக்கணும், அவ்வளவுதானே? கல்லைக் கொட்டிடலாம்."

லாரி லாரியாகப் பாறைகள் வந்தன. நீரோரம் நெடுகிலும் அவளுடைய ஈர மணல்மேல் அடுக்கினார்கள். மூச்சு முட்டத்தான் செய்தது. ஆனால் கடல் வந்து பாறையில் மோதி, வெறுங்கையோடு திரும்பியதைப் பார்த்தபோது மணலரசிக்கு அத்தனை நிம்மதி! அன்று முழுக்க அவள் யாரையும் சந்தேகப்படவில்லை.

அடுத்த கோடை வந்தது. வருஷம் தவறாமல் வரும் பிலோமினாவும் அவள் கணவன் ராயப்பனும் வந்தார்கள். மகளுக்குக் கால் நனைக்க இடம் தேடினார்கள். எங்கும் பாறை.

"அய்யோ, எப்படி இருந்த இடம்! மணலே இல்லையேங்க" என்றாள் பிலோமினா.

"இங்கே வேணாம், வா. துறைமுகச் சுவருக்குத் தெற்கே புதுசா ஒரு பீச்சு உண்டாகியிருக்காம். ஆட்டோக்காரர் சொன்னார். மணல் மேடு மேடாக் குவிஞ்சு கிடக்காம். சனமெல்லாம் இப்போ அங்கேதான் போகுதாம்."

மணலரசி திடுக்கிட்டாள். தெற்கே. சுவருக்கு அந்தப் பக்கம். 'வழியிலேதான்...' என்று கடல் அன்று சொல்ல வந்தது அவள் காதில் இப்போதுதான் விழுந்ததுபோல இருந்தது.

"அண்ணே!" அவள் சுவரைக் கூப்பிட்டாள். "என் மணலை நீயா எடுத்தே?"

"எடுக்கறதா? நானா?" சுவரின் குரலில் கொஞ்சங்கூடப் பதற்றம் இல்லை. "உன்கிட்டேயிருந்து நான் ஒரு துளிகூட எடுத்ததில்லை, தங்கச்சி. உனக்கு வந்ததை நிறுத்தினேன், அவ்வளவுதான்."

அப்போது கடல் வந்தது. சுவரின் முனையைச் சுற்றி, எப்படியோ கொஞ்சம் மணலைக் காப்பாற்றிக் கொண்டுவந்திருந்தது. பாறை இடுக்குகளில் விரல் விட்டு வழி தேடியது.

"அக்கா, உள்ளே வா!" என்று மணலரசி கதறினாள். பாறைகளைப் பார்த்து, "விடுங்க, அவளை விடுங்க" என்று கெஞ்சினாள்.

பாறைகள் அசையவில்லை. கடலை உள்ளே விடக்கூடாது என்று அவற்றை அங்கே நிறுத்தியது அவள்தான்.