இரவல் நாக்கு

ஜில்லாவிலேயே நல்ல மிட்டாய்க் கடை எது என்று தீர்ப்புச் சொல்லப் புறப்பட்டார் வியாபாரிகள் சங்கத் தலைவர் நெல்லையப்பன். அவருக்கோ உடம்பெல்லாம் சர்க்கரை. அதனால் ஊர் ஊராகக் கடையேறி மிட்டாயை ருசி பார்த்தது அவருடைய டிரைவர் பேச்சிமுத்து. மாலையும் மைக்கும் மட்டும் தலைவருக்கு.

கடைசிக் கடை தலைவரின் மச்சினனுடையது. அங்கே கடலை மிட்டாயில் கெட்டுப்போன கடலையின் சிக்கு வாடை அடித்தது.

"பரிசளிப்பு மேடையில, ருசி பார்த்தவன் நீயே இதுதான் நல்லாருக்குன்னு சொல்லணும். இல்லேன்னா சாவியை வச்சிட்டுப் போயிரு" என்றார் தலைவர்.

பேச்சிமுத்து மேடையேறினான். "மொதப் பரிசு மொதலாளியோட மச்சினர் கடைக்குத்தான். இவ்வளவு நாளும் வாயைக் கட்டி வச்சிருந்தவரு, ஜெயிச்ச மிட்டாயை இன்னைக்கு ஒரு கடி கடிக்கணும்" என்று நீட்டினான்.

கூட்டம் கைதட்டியது. தலைவர் கடித்தார். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மாலையால் வாயைப் பொத்திக்கொண்டார். கைதட்டல் சிரிப்பானது.

பரிசு என்னவோ மச்சினனுக்கே போனது. பேச்சிமுத்து சாவியை வைத்துவிட்டு நடந்தே ஊர் போய்ச் சேர்ந்தான்.

அடுத்து வேலை கேட்டு வந்தவர்களிடம் வண்டி ஓட்டத் தெரியுமா என்று தலைவர் கேட்கவில்லை. நாக்கில் ருசி தெரியுமா என்றுதான் கேட்டார். தெரியாது என்றவனுக்கு வேலை கிடைத்தது.