எமன் ஏறுன எருமை ஏன் எந்திரிக்கல

அந்தக் காலத்துல எருமை பேசும். சும்மா இல்ல, நிறுத்தாமப் பேசும். நிறமும் கருப்பு கிடையாது, நல்ல செவலை. கொம்பு ரெண்டும் ஈட்டி கணக்கா வானத்தைப் பாத்து நிக்கும். ஓட்டம்னா குதிரையெல்லாம் பின்னாடி நின்னு புழுதி திங்கணும். அதனாலதான் உசுரு புடிக்கிற வேலைக்கு எமன் அதைத் தேடிப் புடிச்சு வச்சிருந்தான்.

எமனை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. பாக்கவும் வேணாம், குரலை மட்டும் போட்டுக் காட்டுறேன். "ஏஏஏய்... பாவியேஏஏ! பொறப்படுஉஉ!" அம்புட்டுதான். நம்ம ஊர்ல மீசை வச்ச பாதிப் பேரு சோறு போடச் சொல்றதே இப்படித்தான்.

அப்ப குருவம்மான்னு ஒருத்தி இருந்தா. ஆடி மாசம் மாரியம்மன் கோயில்ல கேப்பைக் கூழு காச்சுறது அவ வேலை. அம்மனுக்குப் படைக்கிற வரைக்கும் ஒரு சொட்டு யாரு வாயிலயும் படக் கூடாது. உப்புப் பாக்கக்கூட நாக்குல வைக்கக் கூடாது. ஆவியை மோந்து பாத்தே "ஒரு கை போடு"ன்னுருவா குருவம்மா. ஆனா படைக்கணும்னா ஊர்ப் பெரியவர் வந்து தேங்கா ஒடைக்கணும்.

அந்த வருசம் பெரியவர் எண்ணெய் தேச்சுக் குளிச்சாரு. குளிச்ச அலுப்புக்குக் கொஞ்சம் சாஞ்சாரு. சாஞ்சவரு... கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... கொர்ர்ர்ர்... எழுப்ப யாருக்கும் தைரியம் இல்ல. வெயிலு உச்சிக்கு வந்துருச்சு. சனம் செம்பும் தூக்குமா காஞ்சு நிக்குது. வரிசையில நின்ன மாசமான பொண்ணு ஒருத்தி, கண்ணு சொருகிப் பொத்துன்னு விழுந்துட்டா.

குருவம்மா யோசிக்கவே இல்ல. பானையைத் தொறந்தா, அகப்பையை விட்டா, ஒரு செம்புக் கூழை அள்ளி அந்தப் பொண்ணு வாயில ஊத்துனா. பொண்ணு கண்ணு முழிச்சுட்டா. சத்தம் கேட்டுப் பெரியவரும் கண்ணு முழிச்சுட்டாரு.

"சாமிக்கு முன்னாடி எச்சில் பண்ணிட்டியேடி! நீ நரகத்துக்குத்தான் போவ! உனக்கு எண்ணெய்க் கொப்பரைதான்!"

"போனாப் போறேன். அங்கயாச்சும் வேளைக்கு வேலை நடக்கும்ல?"ன்னா குருவம்மா.

மூணு மாசத்துல அவளுக்குக் கடுங்காய்ச்சல். புருசன் மாடையன் தலைமாட்டுல உக்காந்து ஈரத்துணி மாத்தி மாத்திப் போடுறான், ஒண்ணும் கேக்கல. ஒரு மத்தியான நேரம் எமன் வந்தான். "பாவியேஏஏ!"ன்னான். கயித்தைப் போட்டு உசுரை இழுத்தான், முன்னாடி உக்கார வச்சான், எருமையைத் தெக்க விரட்டுனான்.

வழி நெடுக எமனுக்கு ஒரே பெருமை. புதுசா வீடு கட்டுனவன் சுத்திக் காட்டுவான் பாருங்க, அப்படி.

"பொய் சொன்னவனுக்கு நாக்கைப் புடுங்குறதுக்குக் குறடு இருக்கு. அடுத்தவன் சொத்தைத் தின்னவனை ஆட்டுறதுக்குச் செக்கு இருக்கு. தாகம்னு வந்த சீவனுக்குத் தண்ணி குடுக்காதவனுக்கு, கொதிக்கிற மணல். உனக்கு, நம்ம பெரிய கொப்பரை! ஊரளவு எண்ணெய்!"

"நல்லெண்ணெயா, கடலை எண்ணெயா?"ன்னா குருவம்மா.

"என்னது?"

"இல்ல, அம்புட்டு எண்ணெயை வச்சுக்கிட்டு மனுசனைப் போட்டா வறுக்கிற? ஊருக்கே பணியாரம் சுடலாமேய்யா. எவனாச்சும் பசின்னு திருடியிருப்பானா?"

எருமை களுக்குன்னு சிரிச்சுருச்சு. "ஆமா சாமி, இந்தத் தாயி என்ன பாவம் பண்ணுச்சு?"

"படைக்கிறதுக்கு முன்னாடி கூழை அள்ளிக் குடுத்துட்டா."

"யாருக்கு?"

"மாசமா இருந்த எவளுக்கோ."

"இதுவா பாவம்?"

"அம்மனுக்கு முன்னாடி குடுத்தாள்ல!"

"அம்மனே கோவிச்சுக்கல"ன்னா குருவம்மா. "கோவம் இருந்தா அவளே வந்து கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். பிள்ளைத்தாச்சி பட்டினி கெடக்க எந்த ஆத்தாடா மொதல்ல குடிப்பா? நடுவுல நீ யாருய்யா?"

எமன் மீசையை முறுக்கிக்கிட்டான். பதில் வராத ஆம்பளைக்கு வேற என்ன வேலை?

அப்பத்தான் குருவம்மா எருமை வாயைப் பாத்தா. நுரை தள்ளுது.

"ஏய்யா, இதுக்குத் தண்ணி காட்டுனியா?"

"எமலோகத்து வாகனத்துக்குத் தாகமே கிடையாது."

"யாரு சொன்னது? நான் சொல்லலையே"ன்னுச்சு எருமை.

"கடைசியா எப்ப குடிச்ச?"

"நெனப்பே இல்ல தாயி."

"பாத்தியாய்யா, வாயில்லாச் சீவனை..."

"எனக்கு வாயி இருக்கு தாயி."

"இருந்து? ஒரு நா தண்ணி வேணும்னு கேட்டிருக்கியா? ஊர்க்கதையெல்லாம் பேசுற, ஓட்டுறவங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அப்ப இல்லாத மாதிரிதான." சொல்லிட்டு எமன் பக்கம் திரும்புனா. "தண்ணி குடுக்காதவனுக்குக் கொதிக்கிற மணல்னு சொன்னியே, அதுல உனக்கு எடம் போட்டு வச்சிருக்கியா?"

"அது... அது மனுசங்களுக்கு மட்டும்"னு முனகுனான் எமன்.

எருமை நின்னுருச்சு. பக்கத்துல ஒரு கம்மாய் தளதளன்னு கெடந்துச்சு. எமனைக் கேக்கல, கொள்ளல, நேரா உள்ள எறங்கிருச்சு.

"சரி சரி, குடிச்சுட்டு வெரசா வா!"

குடிச்சுச்சு. வயிறு முட்டக் குடிச்சுச்சு. குடிச்சுட்டு அப்படியே மொழங்காலை மடக்கி, சேத்துல தொப்புன்னு உக்காந்துருச்சு. எமன் கிரீடம் தண்ணியில மெதக்குது, எமன் இடுப்பளவு சேத்துல நிக்கிறான்.

"எந்திரி!"

"மாட்டேன்."

"அடேய்! பொழுது சாஞ்சா எமலோகத்து வாசலைச் சாத்திருவாங்கடா! இவ உசுரு தானா உடம்புக்குத் திரும்பிரும்!"

"அப்படி ஒண்ணு இருக்கா? இம்புட்டு நாளு எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"ன்னு இன்னும் ரெண்டு சாண் கீழ எறங்கிச்சு எருமை.

எமன் கொம்பைப் புடிச்சான். தன் பலம் அம்புட்டையும் போட்டுப் பின்னால இழுத்தான். நேரா நின்ன கொம்பு வளைஞ்சு முதுகுப் பக்கம் போயிருச்சு, எருமை அசையல. கதாயுதத்தை எடுத்து அடிச்சான். அடிக்க அடிக்கக் கம்மாயோட கருப்புக் கரம்பைச் சேறு தெறிச்சு உடம்பெல்லாம் அப்புச்சே ஒழிய, எருமை அசையல.

"உன்னையே கொப்பரையில போடுவேன்!"

"போடு. ஆனா அது வரைக்கும் நான்தான் நடந்து வரணும். இல்ல, என்னைய நீ தூக்கிட்டுப் போறியா?"

"இன்னொரு வார்த்தை பேசுனா நாக்கைப் புடுங்கிருவேன்!"

எருமை அவனை நிமுந்து பாத்துச்சு.

"நீ புடுங்க வேணாம், நானே நிறுத்திக்கிறேன். ஒண்ணே ஒண்ணு கேட்டுக்க. குறடு, செக்கு, கொப்பரைன்னு நீ பயங்காட்டுறதெல்லாம் நான் ஆளைச் சுமந்து கொண்டாந்தாத்தான். இந்தத் தாயை நான் சுமக்க மாட்டேன். நான் சுமக்கலேன்னா உன் நரகம் வெறும் அடுப்பு."

வாயை மூடுனது மூடுனதுதான். காலையில தின்ன புல்லை மேல கொண்டாந்து அசை போட ஆரம்பிச்சுச்சு. சவக்... சவக்... சவக்...

எமன் கெஞ்சிப் பாத்தான். "அடேய்... கண்ணு... என் ராசால்ல... தங்கம்ல... நாளையிலேர்ந்து தெனம் தண்ணி காட்டுறேன்டா..." அந்தப் பெரிய குரலு பூனைக்குட்டி கணக்கா ஆயிருச்சு. எருமை ஒரு காதை மட்டும் ஆட்டுச்சு. அதுவும் ஈ ஓட்டுறதுக்கு.

பொழுது சாஞ்சுச்சு. கயிறு தானா நழுவிருச்சு. குருவம்மா எருமை நெத்தியை ஒரு தடவு தடவிட்டுப் போயிட்டா.

அங்க வீட்டுல, பாடை கட்ட மூங்கி வெட்டியாச்சு. குருவம்மா எந்திரிச்சு உக்காந்து, "என்னய்யா ஒப்பாரி? அடுப்புல எதாச்சும் இருக்கா, இல்லையா?"ன்னா. மாடையன் கையில இருந்த ஈரத்துணியை அவ தலையில போடுறதா, தன் தலையில போட்டுக்கிறதான்னு தெரியாம நின்னான்.

எமன் சேத்துக் காலோட தனியா நடந்து போனான். இன்னைக்கும் வேற வாகனம் அவனுக்குச் சிக்கல. அந்த எருமைக் கூட்டத்துல ஒண்ணைக் கெஞ்சிப் புடிச்சுத்தான் இன்னும் ஏறி வர்றான்.

அன்னைக்குப் புடிச்சுத்தான் எருமை கருப்பு, கொம்பு பின்னால, பேச்சு நின்னு போச்சு. கம்மாயில எறங்குச்சுன்னா நீங்க தொண்டை கிழியக் கத்துங்க, கல்லை விட்டு எறிங்க, அசையாது. மந்தம்னு திட்டாதீங்க. பொழைக்காதுன்னு எல்லாரும் கைவிட்ட ஆளு, பொழுது சாயுற நேரத்துல எந்திரிச்சு உக்காந்து ஒரு வாய் கஞ்சி கேக்குதுன்னா, எங்கயோ ஒரு கம்மாயில ஒரு எருமை எந்திரிக்க மாட்டேன்னு உக்காந்திருக்குன்னு அர்த்தம்.